நிமிடத்துக்கு 7 ரூபாய்: அல்சூர் பார்லரில் ஒரு புக்கிங் சாஃப்ட்வேர்

பியூட்டி பார்லருக்கு ஆன்லைன் புக்கிங் சாஃப்ட்வேர் விற்க வருகிற பையன்கள் எல்லாரும் முதலில் காலண்டரைத்தான் காட்டுவார்கள். ரோஸ், பச்சை, மஞ்சள் என்று கட்டம் கட்டமாக அழகாக இருக்கும். "பாருங்க மேடம், கஸ்டமர் ராத்திரி பன்னெண்டு மணிக்குக்கூட புக் பண்ணலாம்" என்பார்கள். பண்ணலாம்தான். ஆனால் அந்தக் கட்டம் எத்தனை நிமிடம், அதற்கு எத்தனை ரூபாய் என்று நாம் எழுதிக் கொடுக்க 'சர்வீஸ்' என்று ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்துக்கு வரும்போது மட்டும் அவர்களுக்கு அடுத்த கடைக்குப் போக அவசரம் வந்துவிடும். என்னைக் கேட்டால், சாஃப்ட்வேர் தேறுமா தேறாதா என்பதை அந்த ஒரு பக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம். அதனால் எஸ்எம்எஸ் நினைவூட்டல், இன்ஸ்டாகிராம் பட்டன், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் இங்கே வராது. விலையும் நேரமும் மட்டும்தான்.

கடை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் நான் சொல்வது உங்களுக்குப் பொருந்துமா என்று புரியும். பெங்களூர் அல்சூரில், மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் தூரம். மூன்று நாற்காலி, ஃபேஷியலுக்கு ஒரு பெட், தலை கழுவ ஒரே ஒரு பேசின். நான், என்னோடு ரொம்ப வருஷமாக இருக்கும் ஒரு பெண், டார்ஜிலிங் பக்கமிருந்து வந்த சின்னப் பெண் ஒருத்தி. மர்ஃபி டவுன், ஜோகுபாளையா, கேம்பிரிட்ஜ் லேஅவுட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பாதி. இந்திராநகரில் பிஜி எடுத்துத் தங்கி ஐடி வேலைக்குப் போகும் பெண்கள் பாதி. முதல் பாதி கதவைத் திறந்துகொண்டு "அக்கா, கூட்டமா?" என்று கேட்பவர்கள். இரண்டாம் பாதி போனில் நேரம் குறிக்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதவர்கள். சாஃப்ட்வேர் வாங்கியதே இந்த இரண்டாம் பாதிக்காகத்தான்.

அதன் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அதற்கு மட்டுமே உரியவை அல்ல. டெமோ பார்த்த மற்றவற்றிலும் முக்கால்வாசி அப்படியேதான் இருந்தன.

கணக்குத் திறந்தவுடன் ஒரு ரெடிமேட் பட்டியல் வரும். 'ஐப்ரோ த்ரெட்டிங், 30 நிமிடம்.' இதை யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை. முப்பது நிமிடத்தில், கடையில் ரொம்ப வருஷமாக என்னோடு இருக்கும் பெரியவள் இரண்டு பேருக்கு ஐப்ரோ போட்டு, நடுவில் டீயும் குடித்துவிடுவாள். அதே பட்டியலில் 'ஹேர் ஸ்ட்ரெயிட்டனிங், 120 நிமிடம்.' நம் ஊர் முடிக்கு இரண்டு மணி நேரத்தில் ஸ்ட்ரெயிட்டனிங் முடிந்துவிடுமாம்! இடுப்பு வரை அடர்த்தியாக இருந்தால் நாலு மணி நேரம் குறைந்தபட்சம், ஐந்தும் ஆகும். தோள்வரை மெல்லிசாக வெட்டிய முடியை மனதில் வைத்து எங்கோ யாரோ போட்ட எண்கள் அவை. பட்டியலை மொத்தமாக அழித்துவிட்டு ஒவ்வொன்றாக நீங்களே போடுங்கள். ஒரு மதியம் போகும், போகட்டும்.

நேரத்தைப் போட ஸ்டாப்வாட்ச் வேண்டும். வேலை எவ்வளவு நேரம் என்று கேட்டால் எல்லா பார்லர்காரியும் தன் நல்ல நாளில் ஆகிற நேரத்தைத்தான் சொல்வாள். கஸ்டமர் உட்கார்ந்து, கைப்பையை எங்கே வைப்பது என்று தேடி, "ரொம்ப மெல்லிசாக்கிடாதீங்க, ஷேப் மட்டும்" என்று போன தடவை எங்கேயோ கெட்டுப்போன கதையைச் சொல்லி, முடிந்ததும் கண்ணாடியில் இடது வலது பார்த்து, "இங்க ஒண்ணு நிக்குது பாருங்க" என்று காட்டி, கூகுள் பே திறந்து, நெட் இல்லாமல் வாசல்வரை போய் வருவதெல்லாம் சேர்த்துத்தான் நேரம். நூல் ஓடுவது ஐந்து நிமிடம். நாற்காலி காலியாகப் பத்து. நான் பத்து என்றே போட்டிருக்கிறேன்.

விலைக்கும் அந்த நேரம்தான் அடிப்படை. பக்கத்துக் கடையில் 60 என்றால் நாமும் 60 என்று போடுவதுதான் எங்கள் தொழில் வழக்கம். சாஃப்ட்வேர் நேரத்தையும் விலையையும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் எழுத வைப்பதில் ஒரு லாபம் இருக்கிறது: ஒன்றை மற்றதால் வகுத்துப் பார்க்கத் தோன்றும். என் கணக்கு இது. வாடகை 35,000. இரண்டு பேர் சம்பளம் 44,000. கரண்ட், தண்ணீர், டவல் சலவை, போன் எல்லாம் 11,000. எனக்கென்று 45,000, இதைச் சேர்க்காமல் கணக்குப் போடுகிற பெண்கள்தான் எங்கள் தொழிலில் அதிகம். ஆக மாதம் 1,35,000. மூன்று பேர், எட்டு மணி நேரம், 26 நாள் என்றால் 37,440 நிமிடம். அதில் பாதிதான் விற்கும். திங்கட்கிழமை மதியம் ஈ ஓட்டுவதும் கணக்கில் வரவேண்டும். 18,720 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு 7 ரூபாய் சொச்சம்.

இந்த ஏழு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தால் வேறு கடை மாதிரி தெரியும். பத்து நிமிட ஐப்ரோ 70 ரூபாய் என்றால் லாபம் சுழி; ஆளை உள்ளே கொண்டுவரத்தான் அது. 75 நிமிட ஃபேஷியலுக்கு 525, கிரீம் மாஸ்க் வகையறா 250, ஆக 775. நான் வாங்குவது 1,200. இது பரவாயில்லை. புடவை கட்டிவிடுவது 15 நிமிடம், சாமான் செலவு நாலு சேஃப்டி பின். கடையில் நிமிடத்துக்கு அதிகம் சம்பாதிக்கும் வேலை அதுதான் என்று கணக்கு சொல்கிறது. பெரிய போட்டோ போட்டு விளம்பரம் செய்கிற கெரட்டின் முடி ட்ரீட்மென்ட்டுக்குப் பக்கத்தில் புடவை கட்டுவதைக் கடைசி வரியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் பார்லர்கள் எத்தனை!

இப்போது இந்த சாஃப்ட்வேரில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஒரு சர்வீஸின் நேரத்தை மூன்று துண்டாகப் பிரித்துப் போடலாம்: கை வேலை, சும்மா காத்திருக்கும் நேரம், மறுபடி கை வேலை. ரூட் டச்-அப்பை, அதாவது வேரில் மட்டும் கலர் போடுவதை, எடுத்துக்கொள்ளுங்கள். கலர் கலந்து வேர் வேராகத் தடவ 20 நிமிடம். டப்பாவில் போட்டிருக்கிறபடி ஊற 35. அலசி, டவல் கட்டி, ட்ரையர் போட 25. ஊறுகிற முப்பத்தைந்தில் வேலை செய்கிறவளின் கை காலி. ஒரே நீளக் கட்டமாக 80 நிமிடம் என்று போட்டால் அந்த நேரத்தில் அவளை யாரும் புக் செய்ய முடியாது. துண்டாகப் போட்டால் நடுவில் ஒரு ஐப்ரோ, ஒரு அப்பர் லிப் தானாக வந்து உட்காரும். காசில் பார்த்தால், 80 நிமிடமும் கை கட்டிக்கிடந்தால் 560, கலர் ட்யூப், அதில் கலக்கும் டெவலப்பர் திரவம் 350, ஆக 910. நான் வாங்கும் 1,200-இல் மிச்சம் 290. 45 நிமிடக் கையை மட்டும் எண்ணினால் செலவு 665, மிச்சம் 535. விலையை ஒரு ரூபாய்கூட ஏற்றாமல் கிடைக்கும் வித்தியாசம் இது.

ஆனால் சாஃப்ட்வேருக்குக் கைதான் தெரியும், பேசின் தெரியாது. சனிக்கிழமை பதினொன்றுக்கு ஒருத்தி, பதினொன்று ஐந்துக்கு இன்னொருத்தி கலருக்கு உட்கார்ந்தால், இரண்டு பேருக்கும் ஊறி முடிவது கிட்டத்தட்ட ஒரே சமயத்தில். ஒருத்தி தலையை அலசும்போது மற்றவள் கழுத்தில் டவலோடு, "அக்கா, டைம் ஆச்சு, எரியுது" என்பாள். இத்தனை பெட், இத்தனை பேசின் என்று சாமானையும் கணக்கில் எடுக்கும் வசதி உண்டாம், மேல் பிளானில். மேல் பிளானுக்கு மாதக் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பு. நான் அதை வாங்காமல், கலர் வகைகள் எல்லாவற்றையும் பெரியவள் பெயரில் மட்டும் போட்டுவிட்டேன். ஒருத்தி கையில் ஒரே நேரத்தில் இரண்டு அலசல் விழாது. சின்னவள் கலர் போடுவாள், நன்றாகவே போடுவாள்; ஆன்லைனில் மட்டும் அது தெரியாது.

ஆளுக்கு ஆள் நேரமும் விலையும் மாற்றலாம் என்பதும் உண்டு. நேரத்தை மாற்றினேன். பெரியவளுக்கு வேக்ஸிங் இரண்டு கையும் 25, சின்னவளுக்கு 35. விலையை மாற்றவில்லை. 'சீனியர் 500, ஜூனியர் 400' என்று பெரிய கடைகளில் போடுகிறார்கள், அது அவர்கள் வழக்கம். மூன்று பேர் கடையில் அப்படிப் போட்டால் அந்தச் சின்னப் பெண் முகத்தை நான் தினமும் பார்க்க வேண்டும். கஸ்டமரும் 100 ரூபாய் குறைந்தவளிடம் காலை நீட்டும் விதமே வேறாக இருக்கும்.

அடுத்தது இடைவெளி நேரம். ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்குமுன் பெட் விரிப்பு மாற்ற, கீழே கிடக்கும் முடியைப் பெருக்க, வேக்ஸ் ஸ்ட்ரிப்பை எல்லாம் எடுத்துப் போட, கஸ்டமருக்குத் தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் நான் வைத்திருப்பதில் இது ஆளுக்கு ஒரு தடவை வராது, சர்வீஸுக்கு ஒரு தடவை வரும். பெரியவளிடம் ஒரு பெண் ஐப்ரோ 10, அப்பர் லிப் 5, கை வேக்ஸிங் 25 என்று மூன்றையும் சேர்த்து எடுத்தால் வேலை 40 நிமிடம். எல்லாவற்றுக்கும் பத்துப் பத்து நிமிட இடைவெளி வைத்திருந்தால் அது 70 ஆகிவிடும். நடுவில் என்னத்தைப் பெருக்குவது? அவள் எழுந்திருக்கவே இல்லையே. அதனால் ஐப்ரோ, அப்பர் லிப் மாதிரிச் சின்ன வேலைகளுக்கெல்லாம் இடைவெளி சுழி. வேக்ஸிங், ஃபேஷியல், ஹேர்கட் இதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறேன். வாங்குமுன் இதை ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். டெமோவில் ஒற்றை சர்வீஸைத்தான் புக் செய்து காட்டுவார்கள்.

புக்கிங் தொடங்கும் நேரத்தை 15 நிமிடத்தின் மடங்கில் வைப்பதா, ஐந்தின் மடங்கிலா என்பதில் எனக்கும் என் மகளுக்கும் வாக்குவாதம். அவள் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறாள், ஐந்துதான் துல்லியம் என்பாள். துல்லியம்தான். ஆனால் கஸ்டமர் பக்கத்தில் 10:00, 10:05, 10:10 என்று பட்டாணிக்கடலை மாதிரி நேரங்கள் கொட்டிக் கிடக்கும். ஒருத்தி 10:05 எடுப்பாள், அடுத்தவள் 10:50 எடுப்பாள், நடுவில் எதற்கும் உதவாத ஓட்டை. பதினைந்து நிமிடக் கணக்கு என்றால் ஓட்டை விழுந்தாலும் ஒரு ஐப்ரோவாவது நுழைகிற அளவுக்கு விழும். செட்டிங்ஸில் ரொம்ப உள்ளே போனால், ஏற்கெனவே உள்ள புக்கிங்கை ஒட்டிய நேரங்களை மட்டும் காட்டச் சொல்லும் ஒரு பட்டனும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு அது வரம். ஆனால் வாரம் முழுக்க ஆன் அல்லது ஆஃப்தான். ஞாயிறுக்கு மட்டும் போட முடியாது. வார நாளில் அது ஆனில் இருந்தால், வருகிற நாலு பேருக்கும் "நேரம் இல்லை" என்று காட்டித் துரத்திவிடும். சனி ராத்திரி ஆன், ஞாயிறு ராத்திரி ஆஃப் என்று கையால்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

விலையில் பெரிய தகராறு முடி நீளம். ஒரே சர்வீஸுக்குள் நாலு விலை வைக்கலாம்: ஷார்ட், மீடியம், லாங், எக்ஸ்ட்ரா லாங். படிக்க நன்றாக இருக்கும். யார் எதை எடுப்பார்கள்? எல்லாரும் ஷார்ட்தான் எடுப்பார்கள். குளோபல் கலர் (முடி முழுக்கக் கலர்) ஷார்ட் 1,800 என்று எடுத்துக்கொண்டு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். க்ளிப்பை எடுத்தாள், முடி நாற்காலி முதுகைத் தாண்டி விழுந்தது.

"ஆப்ல 1,800 தானே அக்கா போட்டிருக்கீங்க?"

"அது கழுத்து வரைக்கும் இருக்கிறவங்களுக்கும்மா. உனக்கு இதுல மூணு ட்யூப் போகும்."

"நான் ஷார்ட்டாதான் அக்கா வெச்சிருக்கேன். எங்க அம்மாவுக்குப் பாக்கணும் நீங்க."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் வீட்டில் அது ஷார்ட்தான். அன்றைக்கே நாலு பெயரையும் தூக்கிவிட்டு அளவை எழுதினேன்: 'கழுத்துவரை', 'ப்ளவுஸ் ஹூக் வரை', 'இடுப்புவரை', 'இடுப்புக்குக் கீழே'. முதுகில் ஹூக் எங்கே இருக்கிறது என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டாம். நேரமும் அதோடு சேர்ந்து மாறுகிறது. கழுத்துவரை என்றால் தடவ 25 நிமிடம், இடுப்புவரை 50. ஒவ்வொரு நீளத்துக்கும் விலை தனி, நேரம் தனி என்று போட இது அனுமதிக்கிறது. சிலவற்றில் விலை மட்டும் மாறும், நேரம் மாறாது. அப்படிப்பட்டதை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

'1,800 முதல்' என்று போடும் வசதியும் உண்டு. கல்யாண மேக்கப்புக்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன். விலையையே மறைத்து, 'தொடர்பு கொள்ளவும்' என்று போடவும் முடியும். அது வேண்டாம். இன்ஸ்டாகிராமில் 'ரேட் ப்ளீஸ்' என்று வருகிறவர்களுக்குப் பதில் எழுதியே பாதி ராத்திரி போகும். இப்போது லிங்க்கை அனுப்புகிறேன், வேண்டுகிறவர்கள் மட்டும் வருகிறார்கள். பேரம்கூடக் குறைந்திருக்கிறது. சுவரில் ஒட்டிய ரேட் கார்டைப் பார்த்துக் குறைக்கச் சொல்கிறவர்கள்கூட போனில் இருக்கும் விலையைக் குறைக்கச் சொல்ல யோசிக்கிறார்கள். மர்ஃபி டவுன் பெரியம்மா ஒருவர் மட்டும் இன்றைக்கும் ஐப்ரோவுக்கு 50 ரூபாய்த் தாளை மடித்துக் கையில் வைத்துவிட்டுப் போவார். மிச்ச 20-ஐத் தள்ளுபடி என்று பில்லில் போட்டால் காரணம் கேட்கிறது. 'பெரியம்மா' என்று டைப் செய்கிறேன். மாதக் கடைசி ரிப்போர்ட்டில் 'பெரியம்மா' என்று ஒரு தலைப்பில் கூட்டித் தருகிறது.

கலருக்கு இன்னொரு ஏற்பாடும் செய்தேன். டப்பாக்களிலேயே போட்டிருக்கும், கலர் போடுவதற்கு 48 மணி நேரம் முன்னால் தோலில் கொஞ்சம் தடவி அலர்ஜி வருகிறதா பார்க்க வேண்டும் என்று. 'பேட்ச் டெஸ்ட், 5 நிமிடம், 0 ரூபாய்' என்று ஒரு சர்வீஸ் உண்டாக்கினேன். கலர் சர்வீஸுக்குக் குறைந்தபட்ச முன்பதிவு நேரம் 48 மணி. இன்றைக்கு நினைத்து இன்றைக்கே வருகிறவர்கள் கொஞ்சம் குறைவார்கள்தான். ஆனால் பேட்ச் டெஸ்டுக்கு வந்தவள் சும்மா போவதில்லை. ஒரு ஐப்ரோ போட்டுக்கொண்டு போகிறாள்.

கல்யாணப் பெண் விஷயத்தில் இந்த சாஃப்ட்வேர் கையை விரித்துவிடும். முகூர்த்தம் காலை நாலரை ஆறு என்றால் நாலு மணிக்குப் பெண் ரெடியாக இருக்க வேண்டும். மேக்கப், ஜடை அலங்காரம், புடவை எல்லாம் இரண்டரை மணி நேரம். ஆக ஒன்றரைக்குத் தொடங்க வேண்டும். பெண் வீட்டில் அதை 'புதன் ராத்திரி' என்பார்கள். சாஃப்ட்வேருக்கு அது வியாழக்கிழமை, அதுவும் கடை பூட்டியிருக்கும் நேரம். அதனால் கல்யாணத்தை மட்டும் ஆன்லைனில் திறக்காமல், நானே உள்ளே போய்ப் போடுகிறேன். பயண நேரம் இன்னொரு தலைவலி. அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி மண்டபத்துக்கு நடு ராத்திரி போவதும், ரிசப்ஷனுக்காகச் சாயங்காலம் நாலு மணிக்குப் போவதும் ஒன்றா? சர்வீஸுக்கு முன்னால் வைக்கும் இடைவெளி நேரத்துக்கு ஒரே ஒரு எண்தான் போட முடியும். முகூர்த்தம் ஒரு சர்வீஸ், ரிசப்ஷன் ஒரு சர்வீஸ் என்று இரண்டாகப் பிரித்துத்தான் சமாளிக்கிறேன்.

தேதி வாரியாக விலை மாற்றும் இடம் இருக்கிறது. அதில் 'மந்தமான நாளில் தள்ளுபடி கொடுங்கள்' என்று அதுவே யோசனை வேறு சொல்லும். செவ்வாய்க்கிழமை கூட்டம் இல்லை என்று கண்டுபிடித்து, ஹேர்கட்டுக்கு 20 சதவீதம் குறைக்கச் சொன்னது. செவ்வாய்க்கிழமை இங்கே ஆண்கள் சலூனே மூடியிருக்கும். 200 சதவீதம் குறைத்தாலும் பாதி வீட்டில் பெண்கள் முடியில் கத்தரி வைக்க விடமாட்டார்கள். பெடிக்யூருக்கும் ஹேர் ஸ்பாவுக்கும் குறைத்தேன், அது வேலை செய்கிறது. வருஷக் கணக்கில் பார்த்தால் பெங்களூரில் எங்களுக்கு மந்தம் இரண்டு தவணையாக வரும். கன்னடக்காரர்களுக்கு ஆஷாடம் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ தொடங்கிவிடும். அது முடிகிற சமயம் நம் ஆடி ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பேருக்கும் கல்யாணம் கிடையாது. அப்புறம் வரலட்சுமி விரதத்துக்கு முந்தின இரண்டு நாள் கடையில் நிற்க இடம் இருக்காது. அந்த இரண்டு நாளில் 60 நிமிடத்துக்கு மேற்பட்ட எதையும் ஆன்லைனில் மூடிவிடுகிறேன். அன்றைக்கு ஸ்ட்ரெயிட்டனிங்குக்கு ஒரு நாற்காலி ஐந்து மணி நேரம் போனால், வாசலில் நிற்கும் முப்பது ஐப்ரோ வேறு கடைக்குப் போகும்.

வரி கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கவனமாக இருங்கள். பார்லர், சலூன் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22-இலிருந்து 5 சதவீதம். ஆனால் வாங்கும் சாமானுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. என் கணக்கில் பழைய 18 அப்படியே உட்கார்ந்திருந்தது, கையால்தான் மாற்ற வேண்டியிருந்தது. சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதிவு இல்லாதவர்கள் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு பைசா வாங்கக் கூடாது; அந்தக் கட்டத்தைச் சுழியாக வையுங்கள். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யுபிஐ வரவைப் பார்த்துச் சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, ஊரெல்லாம் 'நோ யுபிஐ, ஒன்லி கேஷ்' என்று அட்டை தொங்கியது ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு எங்கள் ஆட்களில் பலருக்கு எதிலும் கணக்குத் தெரியக்கூடாது என்று ஒரு பயம். எனக்கு அது தலைகீழாக இருக்கிறது. மாதம் எவ்வளவு வந்தது, 20 லட்சத்துக்கு எவ்வளவு தூரம் என்று ரிப்போர்ட் சொல்லிவிடுகிறது. பதிவு செய்தவர்கள் 'விலைக்குள் வரி அடக்கம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 1,050 என்று போட்டால் அதில் 50 வரி, கணக்கு சுத்தம். வரி தனி என்று விட்டால் 70 ரூபாய் ஐப்ரோவுக்கு 73 ரூபாய் 50 பைசா கேட்கும். ஐம்பது காசுக்கு நான் எங்கே போவேன்?

அட்வான்ஸ் வாங்கும் வசதியைப் பெரிய வேலைக்கு மட்டும் வைத்திருக்கிறேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் கால் பங்கு. ஐப்ரோவுக்கு அட்வான்ஸ் கேட்டால் சிரிப்பார்கள். விலை ஏற்றும்போது ஏற்கெனவே புக் செய்தவர்களுக்குப் பழைய விலையே நிற்கிறது, அது சரி. ஆவணியில் பேசி முடித்த தை மாதக் கல்யாணத்துக்குப் புது விலை கேட்க முடியாது, அல்சூரில் இருந்துகொண்டு.

கூட வந்தவர்கள் என்று ஒரு ஜாதி உண்டு. மகளுக்கு ஹேர்கட் புக் ஆகியிருக்கும். அம்மா கூட வருவார். "நானும் வந்ததுக்கு ஒரு ஐப்ரோ போட்டுடும்மா, ரெண்டு நிமிஷம்தானே." அவருக்குப் பின்னால் பாட்டி, மோவாயில் நாலு முடி எடுக்க. இதற்கு எந்த சாஃப்ட்வேரிலும் கட்டம் கிடையாது. அதனால் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டுவரை ஒரு நாற்காலியை ஆன்லைனிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் அது வாசல் வழியாக வருகிறவர்களுடையது. விற்பனைப் பையன் வந்து ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மேடம், ஒரு நாற்காலி மூணு மணி நேரம் காலியா இருக்கு, ஓபன் பண்ணிடுங்க" என்றான். அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த நாற்காலியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார்.

கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று மாதம் வாங்குகிறார்கள். மூன்று பேருக்கு எனக்கு 1,500 வருகிறது. என் ஏழு ரூபாய்க் கணக்கில் அது 214 நிமிடம், மூன்றரை மணி நேர வேலை. ரூட் டச்-அப்பின் இடுக்கில் நுழைகிற ஐப்ரோக்களே அதைக் கட்டிவிடுகின்றன, அதனால் எனக்குப் புகார் இல்லை. ஒரே ஆள் வைத்து நடத்தும் வீட்டுப் பார்லருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். வாட்ஸ்அப்பும் ஒரு டைரியும் போதும். வருஷச் சந்தாவில் இரண்டு மாதம் இலவசம் என்று ஆசை காட்டுவார்கள். நான் மாதா மாதம்தான் கட்டுகிறேன், ஆடியில் ஒரு ஆள் ஊருக்குப் போனால் அவளைக் குறைத்துவிடலாம் என்பதற்காக.

டிரையல் ஓடும்போதே ஒரு காரியம் செய்யுங்கள். நடுவில் ஊறும் நேரம் வைத்து ஒரு கலர் சர்வீஸ் உண்டாக்கி, நாளை காலை 11 மணிக்கு ஒரே ஒரு ஆள் பெயரில் புக் செய்யுங்கள். பிறகு வீட்டுக்காரர் போனை வாங்கி, கஸ்டமர் மாதிரி உள்ளே போய், அதே ஆளிடம் ஐப்ரோவுக்கு நேரம் தேடுங்கள். 11:30 காட்டினால் மேற்கொண்டு பேசலாம். 12:30-தான் காட்டுகிறது என்றால் அந்தப் பையனுக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.